காலண்டருக்கு நேராக

இன்னும் ரெண்டு அங்குலம். ரெண்டே அங்குலம் உள்ள தள்ளினா குரல் நடுவுக்கு வந்துடும்னு தோணுது. காலையிலேர்ந்து இதையேதான் சொல்லிட்டிருக்கேன், பத்தாவது தடவையா பதினோராவது தடவையான்னு கணக்கு விட்டுப்போச்சு. ஒவ்வொரு ஸ்பீக்கரும் என் நெஞ்சு உயரம் நிக்குது. அடியில கோணிச்சாக்கைக் குடுத்து இழுத்தாத்தான் நகரும், இல்லேன்னா தரையில கோடு விழும், கோடு விழுந்தா என் வீட்டுக்காரி மங்கை அதைத் தீவாளி வரைக்கும் சொல்லிட்டிருப்பா. இழுத்து வச்சாச்சு. நாற்காலிக்கு வந்து உக்காந்து, கண்ணை மூடி, பாட்டை முதல்லேர்ந்து போட்டா, பாடறவரைக் காணோம். குரல் கேக்குது, நல்லாவே கேக்குது, ஆனா எங்கேர்ந்துன்னு கேட்டா கை காட்டத் தெரியல. ஒரு சமயம் என் மண்டைக்குள்ளயே பாடற மாதிரி இருக்கு, ஒரு சமயம் முதுகுக்குப் பின்னாடி, ஒரு சமயம் சுவத்தையே தாண்டி அடுத்த வீட்டுலேர்ந்து. மிருதங்கம் இருக்கு, அடிவயித்துல விழ வேண்டிய அந்தக் கனமான தொப்பிச் சத்தம் மட்டும் இல்ல. எப்படி இல்லாமப் போகும். நானு முப்பத்தாறு வருஷம் நில அளவையில குப்பை கொட்டினவன், திருச்சி ஜில்லாவுல நான் நட்ட சர்வே கல்லை ஒருத்தன் அசைச்சதில்ல, என் சொந்த ஹாலுல ரெண்டு பெட்டிக்கு நடுப்புள்ளி கண்டுபிடிக்கத் தெரியாதா. டேப் புடிச்சு அளந்திருக்கேன். பெட்டிக்கும் பெட்டிக்கும் ஒன்பது அடி, ரெண்டு பெட்டியிலேர்ந்தும் நாற்காலிக்கு ஒன்பதடி ஒன்பதடி, நாற்காலி நிக்கிற இடத்துல சாக்பீஸால பெருக்கல் குறி. எதிர்ச் சுவத்துல ரெண்டுக்கும் சரி நடுவுல காலண்டர் தொங்குது. அந்தக் காலண்டருக்கு நேரா, ஒண்ணுமே இல்லாத வெறும் இடத்துலேர்ந்து குரல் வரணும். வரல.

வடக்குச் சுவத்துல வச்சிருந்தா வந்திருக்குமோ என்னமோ. முதல்ல அங்கதான் வைக்கிறதா இருந்தேன். ஈசானி மூலையில கனம் ஏத்தக் கூடாது, வீட்டுக்கு ஆகாதுன்னு மங்கை ஒரே புடியா நின்னா. இவ்வளவு பெரிய ஹாலு, பொண்ணு கல்யாணமாகிப் பெங்களூரு போனப்புறம் நடுச்சுவத்தை இடிச்சு ரெண்டு ரூமை ஒண்ணாக்கினது, இருபத்தெட்டுக்குப் பதினாறு, அதுல எனக்கு ரெண்டு பெட்டி வைக்க ஒரு மூலை கிடையாது. சரின்னு தெக்குச் சுவத்துக்கு வந்தேன். தெக்குச் சுவத்துல காலண்டர் இருக்கு, அதுக்கு வலப்பக்கம் ரெண்டடி தள்ளி அப்பா படம் இருக்கு. செத்தவங்க படம் தெக்குலதான் மாட்டணும், அதையும் நகர்த்த முடியாது. எதையும் நகர்த்த முடியாது இந்த வீட்டுல, என்னைத் தவிர. அப்பா படத்துக் கண்ணாடி சத்தத்துல அதிரும், ஆணி கழண்டு விழும்னு நினைச்சேன். அதிரவே இல்ல. அதிர்ற அளவுக்குச் சத்தத்துல கனமே இல்லைங்கறதுதான் விஷயம். இவ்வளவு பெரிய பெட்டியிலேர்ந்து டீக்கடை ரேடியோ மாதிரி ஒரு சத்தம் வந்தா யாருக்குக் கோவம் வராது. இடது பெட்டியை இன்னும் கொஞ்சம் திருப்பிப் பாக்கவா. திருப்பிப் பாத்தாச்சே. சுவத்தை விட்டு முன்னாடி இழுத்தாச்சு, பின்னாடி தள்ளியாச்சு, சோபாவைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டாச்சு, ஜன்னல் திரையை இழுத்து மூடியாச்சு. ஹாலு பெருசா இருந்தா சத்தம் சிதறும்னு பெட்டி வித்த கடைக்காரர் சொன்னாரு. அப்ப அந்தச் சுவத்தை இடிச்சதே தப்போ.

குளித்தலையில ஒரு இன்ஜினியர் வீட்டு ஹாலும் பெருசுதான். எனக்கு இருபத்திரண்டு வயசு, கேம்ப் போட்டு அளந்துட்டிருந்தோம், வரைபடத்துல கையெழுத்து வாங்கப் போனவனை அந்த மனுஷர் செருப்பைக் கழட்டிட்டு உள்ள வா தம்பின்னு கூப்பிட்டு ஒரு நாற்காலியில உக்கார வச்சாரு. ரெண்டு பக்கமும் ரெண்டு பெட்டி. பாட்டு ஆரம்பிச்சுது. ரெண்டு பெட்டியும் வாயை மூடிட்டிருந்த மாதிரி இருந்தது, நடுவுல, தரையிலேர்ந்து ஒரு ஆள் உயரத்துல, வெத்துக் காத்துல ஒருத்தர் நின்னு பாடினாரு. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. மரியாதையெல்லாம் மறந்து எந்திரிச்சுப் போயி அந்த இடத்துல கையை விட்டுத் துழாவிப் பாத்தேன். இன்ஜினியர் விழுந்து விழுந்து சிரிச்சாரு. கையெழுத்து வாங்காமலே வந்துட்டேன், மறுநாள் திரும்பப் போக வேண்டியதாச்சு. நாப்பது வருஷம். பொண்ணு படிப்பு, தம்பி கல்யாணம், அப்பா ஆஸ்பத்திரி, ரிட்டயர்மென்ட், எல்லாத்தையும் முடிச்சுட்டு மூணு நாள் முன்னாடி அதே மாதிரி ரெண்டு பெட்டி வீட்டுக்கு வந்தது. அன்னிக்கே மாட்டியிருப்பேன். பூஜை முடியட்டும், விஜயதசமியில ஆரம்பிச்சா நல்லதுன்னு மங்கை சொன்னா, நேத்து ஆயுத பூஜைக்கு மிக்ஸி, தையல் மெஷின், என் ஸ்கூட்டர், பழைய சர்வே டேப்பு வரைக்கும் சந்தனம் குங்குமம் வச்சா, இன்னிக்குக் காலையில நல்ல நேரம் பாத்து நான் ஒயர் மாட்டினேன். நாப்பது வருஷம் காத்திருந்தவனுக்கு மூணு நாள் என்ன. இப்ப நினைச்சா அதுதான் உறைக்குது. நாப்பது வருஷம் முன்னாடி அந்த நாற்காலியில உக்காந்தது வேற காது.

சொல்லிட்டேன். காலையிலேர்ந்து இந்த இடத்துக்கு வர்றதும் திரும்பிப் போறதுமா இருந்தேன், இப்ப வாயிலேயே வந்துடுச்சு, சத்தமா இல்ல, உள்ளுக்குள்ளதான். இடது காதுல சித்திரையிலேர்ந்து ஒரு சில்வண்டு கத்திட்டிருக்கு. முதல்ல அது ஃபிரிட்ஜுன்னு நினைச்சு மெக்கானிக்கைக் கூப்பிட்டேன், அந்த ஆளு வந்து பாத்துட்டு ஒண்ணும் இல்ல சார்னு சொல்லிட்டுப் போனாரு. போனை எப்ப வலது காதுக்கு மாத்தினேன்னு எனக்கே ஞாபகம் இல்ல. வலப்பக்கம் ஒருக்களிச்சுப் படுத்தா காலையில அலாரம் அடிக்கிறதில்ல, அலாரம் கெட்டுப்போச்சுன்னு புதுசு வாங்கினேன், அதுவும் அடிக்கிறதில்ல. மங்கை வேற, ரெண்டு வருஷமா வாய்க்குள்ளயே பேசறா. என் இடது கைப்பக்கம் இருக்கற சமையக்கட்டுலேர்ந்து என்னமோ முணுமுணுக்கறது, நான் என்னன்னு கேட்டா ஒண்ணும் இல்லைன்னுடறது. வாய்க்குள்ளயே பேசாதேன்னு எத்தனை தடவை சொல்லிட்டேன். சொன்னா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கறா. இப்பல்லாம் இன்னொரு பழக்கம், காபி கொண்டு வந்தா நேரா குடுக்காம சோபாவைச் சுத்தி வந்து வலது கைப்பக்கம் நின்னு குடுக்கறா. கோயிலுக்குப் போறப்ப எப்பவும் எனக்கு இடப்பக்கம் நடக்கறவ, இப்ப ரோட்டுல வண்டி வந்தாலும் வலப்பக்கம்தான் வருவேன்னு அடம். வயசானா பொம்பளைங்களுக்கு இப்படி ஏதாவது புடிச்சுக்கும்னு விட்டுட்டேன். ஒரு விரல் போதும். வலது காதை ஒரு விரலால அடைச்சுட்டு அந்தப் பாட்டை அரை நிமிஷம் கேட்டா என்னன்னு தெரிஞ்சுடும். பதினொரு தடவை பெட்டியை இழுத்தவனுக்கு ஒரு விரலைத் தூக்க முடியல.

அப்பாவுக்கு நாப்பத்தஞ்சுல ஆரம்பிச்சது. ரைஸ்மில்லுல இன்ஜின் பாத்தவரு, நாள் முழுக்க அந்தத் தடதடப்பு, மில்லுதான் காதைத் தின்னுடுச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க, நானும் சொன்னேன். நானு எந்த மில்லுல இருந்தேன். வயல்காட்டுல டேப்பைப் புடிச்சுட்டு நின்னவனுக்குக் காக்கா சத்தம் தவிர என்ன. அப்ப மில்லு இல்ல, ரத்தம். ரத்தம்னா போற வழி தெரியும், நானு கூட இருந்து பாத்த வழிதான். கடைசியில அவரு இந்த ஹாலுல, அப்ப இது சின்ன ரூமு, பிரம்பு நாற்காலியில உக்காந்திருப்பாரு. நாங்க எதுக்காவது சிரிச்சா எங்க மூஞ்சியெல்லாம் ஒரு சுத்துப் பாத்துட்டு, நாங்க சிரிச்சு முடிச்சப்புறம் அவரு தனியா சிரிப்பாரு. எதுக்குன்னு தெரியாது, ஆனா சிரிப்பாரு. எல்லாரும் எனக்குத் தெரியாம ரகசியம் பேசறீங்கன்னு ஒருநாள் கத்தினாரு. செவிடன் காதுல ஊதின சங்குன்னு அவரு முன்னாடியே சொன்னேன், கேக்காதுங்கற தைரியம். அதோட விட்டேனா. ஒரு பொங்கலுக்குத் தங்கச்சி பிள்ளைங்கல்லாம் வந்திருக்கு, அதுங்களைச் சிரிக்க வைக்கிறதுக்காக அப்பா முன்னாடி போயி உக்காந்து, சத்தமே இல்லாம வெறும் வாயை மட்டும் அசைச்சேன், ரொம்ப முக்கியமான விஷயம் சொல்ற மாதிரி கையெல்லாம் ஆட்டி. பிள்ளைங்க உருண்டு உருண்டு சிரிக்குது. அப்பா காதுல இருந்த மெஷினைத் திருகித் திருகிப் பாத்தாரு. அப்புறம் என்னைப் பாத்து, சரிப்பா, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னாரு. அப்ப நானும் சிரிச்சேன். எப்படித்தான் சிரிச்சேனோ. படத்துல அவரு என்னைத்தான் பாத்துட்டிருக்காரு, படத்துல எல்லாருமே எங்கேர்ந்து பாத்தாலும் நம்மளைத்தான் பாப்பாங்க, அதுக்கு ஒண்ணும் அர்த்தம் இல்ல. பாட்டு ஓடிட்டே இருக்கு. தோடி கீர்த்தனை, எனக்கு மனப்பாடம், அடுத்த சங்கதி எங்க போகும்னு தெரியும். அப்ப நான் கேக்கறது பெட்டியிலேர்ந்து வர்றதா, என் ஞாபகத்துலேர்ந்து வர்றதா. அதனாலதான் மண்டைக்குள்ள பாடற மாதிரி இருக்கோ. இது வேற புதுப் பயமா இருக்கே.

வலப்பக்கம் நிழல் தட்டுச்சு. மங்கை காபி டம்ளரோட நிக்கறா. சோபா இருந்த இடத்துல இல்ல, அப்படியும் சுத்தித்தான் வந்திருக்கா. "மணி நாலாச்சு. மத்தியானம் சாப்பிட்ட சாப்பாடு அந்தப் பெட்டிக்கே போயிடுச்சு. உக்காந்து காபியைக் குடிங்க." "நீ உக்காரு," ன்னேன். எதுக்குச் சொன்னேன்னு தெரியல, கால் வலிச்சது எனக்கு, உக்காரச் சொன்னது அவளை. "நானா." "அந்தப் பெருக்கல் குறி மேல இருக்கற நாற்காலியில உக்காந்து கேட்டுப் பாரு." டம்ளரைப் பக்கத்துல தரையில வச்சு, புடவைத் தலைப்பால கையைத் துடைச்சுட்டு, டாக்டர் முன்னாடி உக்கார்ற மாதிரி நுனியில உக்காந்தா. பாட்டை முதல்லேர்ந்து வச்சேன். மங்கைக்குப் பாட்டுக் கீட்டெல்லாம் ஆர்வம் கிடையாது, ஆனா காது எலிக் காது, மூணாவது வீட்டுல குக்கர் எத்தனை விசில் அடிச்சுதுன்னு சொல்லுவா. அவ நடுவுலதான் கேக்குதுன்னு சொல்லிட்டா என் கதை முடிஞ்சுது. பாட்டு பாதி போற வரைக்கும் அவ மூஞ்சியையே பாத்துட்டு நின்னேன், பரீட்சை ரிசல்ட்டுக்குக் கூட இப்படி நின்னதில்ல. "எங்க இருக்காரு," ன்னு கேட்டேன். "யாரு." "பாடறவரு. எந்த இடத்துலேர்ந்து பாடறாரு, கை காட்டு." அவ தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பினா. "நல்லாத்தான் பாடறாரு," ன்னா. "ஆனா எங்கன்னு தெரியலயே. பின்னாடி யாரோ பாடற மாதிரி இருக்கு. கிணத்துக்குள்ள பாடறாரா?"

அவளுக்கும் தெரியல. அவளுக்குமே தெரியல. எனக்கு அப்படியே அவ காலைத் தொட்டுக் கும்பிடலாம் போல இருந்தது. அப்ப காது இல்ல, சாமான்தான். சாமான்னா சரி பண்ணிடலாம், சாமானை விட லேசான விஷயம் உலகத்துல உண்டா. ஒயரை மட்டும் நான் திரும்பப் பாக்கவே இல்ல, நானே மாட்டினது, அதுல என்ன தப்பு வரும்ங்கற எண்ணம். ஒயர்ல ஒரு இழையில செவப்புக் கோடு இருக்கும், அது பெட்டிக்குப் பின்னாடி செவப்புத் திருகுக்கு, வெறும் இழை கறுப்புத் திருகுக்கு. ஒரு பெட்டியில மட்டும் மாத்தி மாட்டினா ஒரு பெட்டி ஊதறப்ப இன்னொண்ணு உறிஞ்சும், நடுவுல குரல் நிக்காது, கனமும் போயிடும், அந்தக் கடைக்காரர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. டார்ச்சை எடுத்துட்டு இடது பெட்டிக்குப் பின்னாடி போனேன். பளிச்சுனு இருக்கு, மரத்துல நட்டநடுவுல அழகா ஒரு சந்தனப் பொட்டு, அது மேல குங்குமம், கீழே செவப்புக்குச் செவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. வலது பெட்டிக்குப் போனேன். அங்கயும் செவப்புக் கோடு செவப்புத் திருகுலதான் இருக்கு. இன்னொரு திருகுதான் கறுப்பா இல்ல, மண் கலர்ல இருக்கு. காலையில கண்ணாடியை நெத்தியில ஏத்திட்டு, டார்ச்சை வாயில கவ்விட்டு மாட்டினவனுக்கு அது பழுப்பா கறுப்பான்னு எங்க தோணுச்சு. வேட்டி நுனியால செவப்பைத் துடைச்சேன். செவப்பு என் வேட்டிக்கு வந்துடுச்சு, அடியில கறுப்பு. மண் கலரைச் சுரண்டினேன், காஞ்ச சந்தனம் பொடிப் பொடியா விழுந்தது, அடியில நல்ல செவப்பு. "மங்கை, இங்க வா." வந்து எட்டிப் பாத்தா. "ஆமா, அது சுவத்தோட ஒட்டி இருந்துச்சு, கையை விட்டுத் தடவித்தான் வச்சேன். சந்தனம் ஒரு பக்கம் குங்குமம் ஒரு பக்கம் விழுந்துடுச்சு போல." "பொட்டு வைக்க வேற இடமே கிடைக்கலையா உனக்கு." "முன்னாடி துணியில வச்சா கறையாயிடும்னு அந்தக் குதி குதிச்சது யாரு. சாமிக்கு வச்சதுல தப்பு இல்ல, மாட்டினவரு பாத்து மாட்டியிருக்கணும்." ஆனைக்கும் அடி சறுக்கும்னு சொல்லிட்டு ரெண்டு இழையையும் மாத்தி முறுக்கினேன்.

பாட்டு. முதல் வரியிலயே தெரிஞ்சு போச்சு, ஹாலோட தரையே எந்திரிச்சு நின்ன மாதிரி, மிருதங்கத்தோட தொப்பி வயித்துல வந்து விழுது, அப்பா படத்துக் கண்ணாடி ஊஊம்னு அதிருது. மங்கை நாற்காலியில உக்காந்திருந்தவ கையைத் தூக்கி, நான் கேக்காமலே, நேரா காலண்டரைக் காட்டினா. "இதோ. இங்க நிக்கறாரு பாருங்க. தேதி கிழிக்கிற இடத்துல." அவ கண்ணு விரிஞ்சு போச்சு. குளித்தலையில என் கண்ணும் இப்படித்தான் இருந்திருக்கும். எந்திரின்னு அவளைக் கிளப்பிட்டு நான் உக்காந்தேன். கண்ணை மூடினேன். குரல் வந்தது. முழுசா, ஒரு ஆளா, மூச்சு இழுக்கற சத்தம் வரைக்கும், வெத்துக் காத்துல நின்னு பாடுது. நாப்பது வருஷம் கழிச்சு வந்துட்டீங்களா ஐயான்னு மனசு கிடந்து அடிச்சுக்குது. கண்ணை மூடின மேனிக்கு வலது கையைத் தூக்கி அந்த இடத்தைக் காட்டினேன். கண்ணைத் திறந்தேன். என் விரல் காலண்டரைக் காட்டல. அப்பா படத்தைக் காட்டிட்டிருந்தது.

டேப்பை எடுத்தேன். ஒன்பதடி. அந்தப் பக்கம் ஒன்பதடி. பெருக்கல் குறி மேலதான் நாற்காலி. திரும்ப உக்காந்தேன், தலையை நேரா வச்சேன், குரல் அப்பா படத்தை விட்டு அசையல. மங்கையை உக்கார வச்சேன், எங்கன்னு கேட்டேன், காலண்டருன்னா. நான் உக்காந்தேன், அப்பா. அப்புறம் அந்த விரலைத் தூக்கினேன். வலது காதை அடைச்சேன். பாடறவரு எங்கயோ அடுத்த தெருவுக்குப் போயிட்டாரு, மிருதங்கம் மட்டும் தரை வழியா காலுக்கு வந்துட்டிருந்தது, சில்வண்டு நல்லாக் கேட்டுது. விரலை எடுத்தேன், திரும்ப வந்துட்டாரு, அப்பா படத்துக்கு. பயமா இருந்தது, சின்னப் பிள்ளை மாதிரி பயமா இருந்தது, ஆனா குழப்பமா இல்ல. இடது பெட்டியை ரெண்டு அங்குலம் உள்ள தள்ளினா எனக்கு நடுவுக்கு வந்துடும். தள்ளலாம்னு எந்திரிச்சு கோணிச்சாக்கைக் கூட எடுத்துட்டேன். தள்ளினா மங்கைக்குக் கோணலாயிடும், பொண்ணு வந்தாலும் கோணல், யாரு வந்து உக்காந்தாலும் கோணல். நான் நட்ட கல்லு சரியான இடத்துலதான் இருக்கு. சாக்கைக் கீழ போட்டுட்டு என் நாற்காலியை மட்டும் பெருக்கல் குறியை விட்டு இடது பக்கமா ஒரு சாண் நகர்த்திப் போட்டேன். உக்காந்தேன். குரல் தள்ளாடித் தள்ளாடி காலண்டர் ஓரத்துக்கு வந்து நின்னுது. போதும்.

பாட்டு முடிஞ்சு சத்தம் அடங்கின இடத்துல, சமையக்கட்டுப் பக்கத்துலேர்ந்து, என் இடது பக்கத்துலேர்ந்து, மங்கை என்னமோ சொன்னா. அவ வாய் அசையறதை ஓரக்கண்ணால பாத்தேன். வாய்க்குள்ளயே பேசாதேங்கறது நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு, ரெண்டு வருஷப் பழக்கம். முழுங்கிட்டேன். "மங்கை," ன்னேன், "கேக்கல. இந்தப் பக்கம் வந்து சொல்லு." அவ நாற்காலியைச் சுத்தி வலப்பக்கமா வந்து, ஆறிப்போன காபி டம்ளரைக் கையில எடுத்துக்கிட்டா.

"நாளைக்குக் காது டாக்டரைப் போயிப் பாக்கலாமான்னு கேட்டேன். ஆறு மாசமா இதைத்தாங்க கேட்டுட்டிருக்கேன்."